டாக்டர் கையில் கொடுக்க ஒரே ஒரு பக்கம்: சர்க்கரை உள்ளவரின் இரண்டு வாரத்தை எழுதி எடுத்துப் போவது எப்படி

சர்க்கரை டாக்டரைப் பார்க்கப் போனால் உள்ளே இருக்கும் நேரம் ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. அவர் முன்னால் இருப்பது ஒரு லேப் சீட்டு. வெறும் வயிற்றில் இவ்வளவு, சாப்பிட்ட பிறகு இவ்வளவு. ராத்திரி நாலு தடவை எழுந்ததோ, பாதம் எரிந்து போர்வையை உதறியதோ, கல்யாண வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டதோ அந்தச் சீட்டில் இருக்காது. நாமும் சொல்வதில்லை. “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “பரவாயில்லை சார்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம்.

அப்பாவுக்காகப் பல வருடங்களாக நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தெருவில் ஏழெட்டு வீடுகளுக்கு இந்த முறையைச் சொல்லிக் கொடுத்தும் இருக்கிறேன். பதினான்கு நாள் எழுதி, அதை ஒரு பக்கமாகச் சுருக்கி, டாக்டரிடம் கொடுப்பதுதான் வேலை. வரிசை மாறினால் பாதிப் பயன் போய்விடும் என்பதால் வரிசையாகவே சொல்கிறேன்.

இது மாத்திரையிலோ, மாத்திரையும் இன்சுலினும் சேர்ந்தோ இருக்கும் பெரியவர்களுக்கானது. டைப் 1 உள்ள பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது போதாது. அவர்கள் அடிக்கடி பார்க்க வேண்டும். ஏற்கெனவே டாக்டர் ஒரு பரிசோதனை அட்டவணை கொடுத்திருந்தால் அதுதான் முதலில். காலில் புண், நெஞ்சுவலி, வாந்தியோடு 300-க்கு மேல் நிற்கும் சர்க்கரை, மூச்சு வாங்குதல், பேச்சில் குழப்பம் இவற்றில் எது இருந்தாலும் நோட்டையெல்லாம் மூடி வைத்துவிட்டு அன்றே கிளம்புங்கள்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

நாற்பது பக்க நோட்டு ஒன்று. குளுக்கோமீட்டர், 25 ஸ்ட்ரிப் உள்ள ஒரு டப்பா, லான்செட் ஊசிகள். பழைய லேப் சீட்டுகளில் கடைசி இரண்டு. தினமும் உள்ளே போகும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும். சர்க்கரை மாத்திரை மட்டும் போதாது, பி.பி., முட்டி வலி, தைராய்டு, நாட்டு மருந்துப் பொடி எல்லாமே வேண்டும். பாதித் தொல்லைக்குக் காரணம் சர்க்கரை மருந்தாக இருக்காது, பக்கத்தில் இருக்கும் இன்னொரு மருந்தாக இருக்கும்.

மீட்டரின் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி மாற்றிய பிறகு அது ஏதோ ஒரு வருடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எழுத மறந்த எண்ணை மீட்டரின் நினைவகத்திலிருந்து எடுக்கலாம் என்று நினைத்தால், நேரம் தப்பாக இருக்கும்போது அது எதற்கும் உதவாது.

யார் எழுதுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். முடிந்தால் சர்க்கரை உள்ளவரே எழுதட்டும். கண் சரியாகத் தெரியவில்லை, கை நடுங்குகிறது என்றால் வீட்டில் ஒருவர் எழுதலாம். ஆளாளுக்கு எழுதினால் ஒரே நாளில் இரண்டு விதமான கணக்கு வரும்.

2. முதல் நாள் ஊசி வேண்டாம், கேள்வி கேளுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் டப்பாவைப் பிரித்ததும் விரலில் குத்தித்தான் ஆரம்பிப்பார்கள். அது வேண்டாம். எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்று தெரியாமல் எண்களைச் சேர்த்தால் நோட்டு நிறையும், வேறொன்றும் நடக்காது.

“உங்களுக்கு மனசு சரியில்லையா?” என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் பதில் வராது. செய்கிற காரியத்தை வைத்துக் கேட்க வேண்டும். கடைசியாக எப்போது வெளியூர் போனீர்கள்? எந்த வேலையை விட்டுவிட்டீர்கள்? நான் எல்லோரையும் கேட்கச் சொல்லும் கேள்வி இது: “இந்த வியாதி இல்லைன்னா இப்போ என்ன செஞ்சுக்கிட்டு இருப்பீங்க?”

அப்பா யோசிக்காமல் சொன்னார்: “சாயங்காலம் பெருமாள் கோயில் மண்டபத்துல உக்காந்து பேசிக்கிட்டு இருப்பேன். இப்போ முக்கால் மணிக்கு ஒரு தரம் பாத்ரூம் போக வேண்டியிருக்கு. அங்க எங்க போறது?” அவர் கோயிலுக்குப் போகாததற்கு வயதும் அலுப்பும்தான் காரணம் என்று இரண்டு வருடமாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நோட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். பதினான்கு நாளும் தேடப் போவது அதற்கான காரணத்தைத்தான்.

அதே நாளில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகளையும் கேட்டுவிடலாம். கடந்த இரண்டு வாரத்தில் மகிழ்ச்சியாக இருந்தேன், மனம் அமைதியாக இருந்தது, சுறுசுறுப்பாக இருந்தேன், தூங்கி எழுந்தபோது புத்துணர்ச்சி இருந்தது, நாளில் பிடித்தமான விஷயங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் “எப்போதுமே இல்லை” என்றால் 0, “எப்போதும்” என்றால் 5. கூட்டி நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும். 50 அல்லது அதற்குக் கீழே வந்தால், டாக்டரிடம் கொடுக்கும் அந்த ஒரு பக்கத்தில் இந்த எண் கட்டாயம் இடம்பெற வேண்டும். சர்க்கரையோடு மனச்சோர்வும் சேர்ந்து வருவது சாதாரணமாக நடப்பதுதான். அதைக் கவனிக்காமல் மாத்திரையை மட்டும் கூட்டினால், அந்த மாத்திரையே ஒழுங்காக உள்ளே போகாது.

3. விரலில் குத்தும்போது நடக்கும் தவறுகள்

சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்து, அப்புறம்தான் குத்த வேண்டும். எதிர்வீட்டு அத்தைக்கு ஒருநாள் 312 காட்டியது; வீடே கலங்கிப்போனது. கேட்டால், சற்று முன்னால் மாம்பழம் நறுக்கியிருக்கிறார். கை கழுவிவிட்டு மறுபடி பார்த்தால் 168. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறுதான் ரத்தத்தோடு சேர்ந்து எண்ணை ஏற்றியது. ஸ்பிரிட் தடவினால் முழுக்க உலர விடுங்கள். ஈரத்தோடு குத்தினாலும் எண் மாறும்.

விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழியக் கூடாது. கையைத் தொங்கவிட்டு அரை நிமிடம் உதறினால் தானாக வரும். ஒருவர் ஊசியை இன்னொருவருக்குப் போடவே கூடாது. கணவன் மனைவி என்றாலும்தான்.

ஸ்ட்ரிப் டப்பாவை அடுப்படியிலும் ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள். ஒன்றை எடுத்ததும் மூடியை அழுத்தி மூடுங்கள். காற்றின் ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும், ஆனால் பார்த்தால் தெரியாது. எண் மட்டும் தப்பாக வரும்.

லேப் எண்ணும் வீட்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று மீட்டரைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. நல்ல மீட்டரிலும் 15 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம். உண்மையில் 200 இருந்தால் அது 170 என்றும் காட்டும், 230 என்றும் காட்டும். நாம் தேடுவது ஒற்றை எண்ணை அல்ல. எந்த வேளையில் ஏறுகிறது, எந்த வேளையில் இறங்குகிறது என்பதைத்தான்.

4. 25 ஸ்ட்ரிப்பைப் பங்கிடுவது

தினமும் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. பதினான்கு நாளும் 125, 131, 128 என்று எழுதி, “நல்லாத்தானே இருக்கு” என்பார்கள். பகல் முழுக்க என்ன நடக்கிறது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

ஜோடியாகப் பாருங்கள்: ஒரு வேளை சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று.

முதல் மூன்று நாள் காலை உணவுக்கு முன்னும் பின்னும். அடுத்த மூன்று நாள் மதியம். அதற்கடுத்த மூன்று நாள் இரவு. இதுவரை 18. பத்தாம் நாளும் பதினோராம் நாளும் படுக்கும் முன் ஒன்று, மறுநாள் எழுந்ததும் ஒன்று; அந்த இரண்டு இரவில் ஏதாவது ஒன்றில் விடியற்காலை 3 மணிக்கு ஒன்று. மொத்தம் 23. மீதி இரண்டையும் கை நடுங்கினாலோ வியர்த்தாலோ பார்க்க ஒதுக்கி வையுங்கள். அது தீர்ந்துபோனால் இன்னொரு டப்பா வாங்குங்கள், அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை எண்ணோடு ஊசி முடிந்தது, ஆனால் எழுதுவது தொடர வேண்டும். யாரும் குத்தாத நாட்களில் அவர் எப்படி இருக்கிறார் என்பதும் தெரிய வேண்டும்.

“சாப்பிட்ட பின்” என்றால் முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம். கை கழுவியதிலிருந்து அல்ல. அப்பா ரசம் சாதத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அந்த அரை மணி எண்ணை மாற்றிவிடும்.

பரிசோதிக்கும் நாளில் மாத்திரையை நிறுத்தக் கூடாது. “மாத்திரை போடாமல் பார்த்தால்தானே உண்மை தெரியும்” என்று சிலர் நினைக்கிறார்கள். டாக்டர் தெரிந்துகொள்ள விரும்புவது, மாத்திரை போட்டும் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான்.

இன்னொன்று, நோட்டுக்காக நல்ல பிள்ளையாக இருப்பது. அந்தப் பதினான்கு நாள் மட்டும் ஓட்ஸ், வேகவைத்த காய், வாக்கிங். பதினைந்தாம் நாள் பழைய கதை. அந்த நோட்டை வைத்து டாக்டர் தரும் மருந்து, இல்லாத ஒரு ஆளுக்கான மருந்து. வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடச் சொல்லுங்கள்.

5. வலது பக்கம்: நாள் எப்படிப் போனது

நோட்டைத் திறந்தால் இடது பக்கம் எண்கள். வலது பக்கம் அன்றைய நாள். இரவு படுக்கும் முன் ஐந்தாறு வரி, அதற்கு மேல் வேண்டாம். கட்டுரை எழுதச் சொன்னால் நான்காம் நாளே நின்றுவிடும்.

எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை முறை எழுந்தார். சிறுநீர் எந்த நேரத்தில் அதிகம். கால் எரிச்சல், மரத்துப்போதல், எந்த நேரம். வயிறு எப்படி. வெளியே போனாரா, போகவில்லை என்றால் ஏன். யாரோடாவது சண்டையா. அவ்வளவுதான்.

நேரத்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டும்போதுதான் அது சிறுநீரில் கலந்து, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் எந்த வேளையில் அடிக்கடி போகிறாரோ அதற்கு முந்தைய சாப்பாட்டைச் சந்தேகப்படலாம். அதற்காக எல்லாப் பழியையும் சர்க்கரை மேல் போட்டுவிடவும் முடியாது. பி.பி.க்கோ கால் வீக்கத்துக்கோ சிறுநீரைப் பிரிக்கும் மாத்திரை சாயங்காலம் போட்டால் ராத்திரி எழுந்துதான் ஆக வேண்டும். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றித்தான் வேலை செய்கின்றன; பிறப்புறுப்பில் அரிப்பு வருவதற்கும் அவை காரணமாகலாம்.

வயிற்றுப்போக்கும் உப்பசமும் இருந்தால் மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போடுகிறாரா என்று பாருங்கள். அதே மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுத்தவர்களுக்கு பி12 சத்து குறையலாம். அதனாலும் பாதம் எரியும், மரத்துப்போகும். “சர்க்கரைன்னா கால் எரியத்தான் செய்யும்” என்று விட்டுவிடாமல் இருப்பதற்காகத்தான் அந்த வரி.

மகனோ மகளோ எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. தாம்பத்தியம், பிறப்புறுப்பில் அரிப்பு, சிறுநீர் கசிவு இதையெல்லாம் அப்பா நம்மிடம் சொல்லமாட்டார். அம்மா கேட்கவே வேண்டாம். அதற்கு ஒரு தனிச் சீட்டு. “டாக்டருக்கு மட்டும்” என்று மேலே எழுதி அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். எழுதினால் எழுதட்டும், மடித்து அவர்களே கொடுக்கட்டும். பிரித்துப் பார்க்காதீர்கள். நான் சொல்லிக் கொடுத்த வீடுகளில் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் அந்தச் சீட்டை எழுதினார்கள்.

6. சர்க்கரை இறங்குகிறது என்றால் மற்றதெல்லாம் அப்புறம்

நோட்டில் எங்கேயாவது 70-க்குக் கீழே ஒரு எண் வந்தால் அதுதான் முதல் பிரச்சினை. 250-ஐப் பார்த்துப் பதறுகிறோம், 62-ஐப் பார்த்து “நல்லாக் குறைஞ்சிருக்கே” என்கிறோம். கண்ணும் சிறுநீரகமும் கெட வருடக்கணக்காகும். இறங்கிய சர்க்கரைக்கு நிமிடக்கணக்குதான். மாடிப்படியில் விழுந்தால் இடுப்பு போகும். ஒருமுறை பயந்தவர் அதற்கப்புறம் தனியாக வெளியே போகமாட்டார், அல்லது எப்போதும் எதையாவது கொறித்து சர்க்கரையை ஏற்றியே வைத்திருப்பார்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத கோபம். இதெல்லாம் தெரிந்த அடையாளங்கள். மெட்டோப்ரோலால் போன்ற பி.பி. மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் வரும். தூக்கத்தில் இறங்கினால் காலையில் பனியன் நனைந்திருக்கும், தலை வலிக்கும். விடியற்காலை 3 மணிக்கு ஒரு ஸ்ட்ரிப் ஒதுக்கியது இதற்காகத்தான்.

செய்ய வேண்டியது: மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ.

சாக்லேட்டும் லட்டும் கொடுப்பது தப்பு. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதமாக்கும். வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை எடுப்பவருக்கு வீட்டுச் சீனியே சரியாக வேலை செய்யாது, ஏனென்றால் சீனி உடைந்து குளுக்கோஸாவதைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. அவர்களுக்கு குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். மாத்திரை அட்டைகளை முதல் நாளே எடுத்து வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு சின்ன டப்பாவில் பொடி போட்டு சட்டைப்பையில், பையில், தலைமாட்டில் என்று மூன்று இடத்தில் வைத்துவிடுங்கள்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் இறங்கினால் ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கலாம். வயதானவர் என்றால் சரியாகிவிட்டது என்று தூங்க விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது நல்லது.

பதினான்கு நாள் முடியட்டும் என்று காத்திருக்காமல், ஒருமுறை இறங்கினாலும் டாக்டருக்கு போன் செய்து சொல்லிவிடுங்கள்.

7. பாதம்

தினமும் இரவு இரண்டு நிமிடம். நல்ல வெளிச்சத்தில், உள்ளங்காலுக்கு அடியில் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, கொப்புளம், நிறம் மாறிய இடம். உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினாலும் வலிக்காது, அதனால் “வலிக்குதா?” என்று கேட்பதில் அர்த்தமில்லை. தேங்காய் எண்ணெய் தடவலாம், ஆனால் விரலிடுக்கில் வேண்டாம்; ஈரம் தங்கிப் புண் வரும்.

எரிச்சலுக்கு வெந்நீரில் கால் வைக்கும் பழக்கத்தை விட வைக்க வேண்டும். சூடு தெரியாத கால் வெந்துபோன பிறகுதான் தெரியும். வெயில் நேரத்தில் கோயில் பிராகாரக் கல்லும் அதைத்தான் செய்யும்; காலையிலோ வெயில் இறங்கிய பிறகோ போகலாம். வீட்டுக்குள்ளும் செருப்பு போடச் சொல்லுங்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் செருப்புக் கடைகளிலும் மருந்துக் கடைகள் சிலவற்றிலும் கிடைக்கும். அடிப்பாகம் மெத்தென்று இருக்கும். போடும் முன் உதறிவிட்டுப் போடட்டும்.

8. சாப்பாட்டுப் பஞ்சாயத்து

இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் இதில் அதிகம் தவறு செய்தது நான்தான். தட்டில் மூன்றாவது இட்லி விழுந்ததும் அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம். “தாத்தா, உங்களுக்கு சுகர்!” என்று ஐந்து வயதுப் பையன் கத்துகிற வீட்டில் எந்த மனிதர் நிம்மதியாகச் சாப்பிடுவார்?

நோட்டில் ஏழாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முந்தைய எண் 214 என்று நின்றது. அன்று மாலை அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தோம். கடைசியில் நான் சொன்னேன்: “அப்பா, நீங்க என்ன எழுதினாலும் நான் கேள்வி கேக்கமாட்டேன். பொய் மட்டும் வேண்டாம்.” மறுநாள் பார்த்தால் ஏழாம் நாள் வரிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் “அதிரசம் 2”. பீரோவில் வேட்டிக்கு அடியில் தூக்கு இருந்திருக்கிறது. டாக்டர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். ஒளித்து இரண்டு தின்பதற்குப் பதில், வாரத்துக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டோடு, சாதத்தில் அந்த அளவைக் குறைத்துக்கொண்டு சாப்பிடச் சொன்னார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று ஏற்பாடு. சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது ஒருவர் மட்டும், அதுவும் சமைப்பதற்கு முன். தட்டில் விழுந்த பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. காயை முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சாதம். இனிப்பு எந்த நாள் என்று முன்பே பேசி வைத்துவிடுவது.

ஜோடி எண்கள் இங்கே கை கொடுக்கும். “கோதுமைன்னா ஏறாது” என்று நான்கு சப்பாத்தி சாப்பிடுகிறவருக்கு வாதம் செய்து புரியவைக்க முடியாது; முன் 128, பின் 231 என்று அவர் கையாலேயே எழுதினால் புரியும். கேழ்வரகும் அப்படித்தான், அடையாகச் சாப்பிடுவதைவிட மைய அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சியாகக் குடித்தால் வேகமாக ஏற்றும்.

9. நோட்டை ஒரு பக்கமாக்குவது

நோட்டையே டாக்டரிடம் நீட்டாதீர்கள். புரட்டிப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. ஒரு பக்கம், பெரிய எழுத்து, இந்த வரிசையில். அப்பாவின் முதல் பக்கம் இப்படி இருந்தது:

வயது 71. சர்க்கரை 14 வருடம். மருந்துகள்: (பெயர், அளவு, போடும் நேரம்).

மிகக் குறைந்த எண்: 64. ஒருமுறை. பகல் 1:40, சாப்பாடு தள்ளிப்போன நாள். வியர்வை இருந்தது.

வெறும் வயிறு 118–136. காலை உணவுக்குப் பின் 170–188. மதிய உணவுக்குப் பின் 238–261. இரவு உணவுக்குப் பின் 165–190.

தொல்லை 1: மாலை 3 முதல் 7 வரை சிறுநீர் 4, 5 முறை. அதனால் வெளியே போவதில்லை.

தொல்லை 2: பாதம் எரிச்சல், இரவு 11-க்கு மேல், 14 இரவில் 9.

மனநிலை மதிப்பெண்: 44.

கேள்வி: இவர் வயதுக்கு எந்த எண் போதும்?

தொல்லை இரண்டுக்கு மேல் எழுதாதீர்கள், தாங்க முடியாமல் போனால் மூன்று. பன்னிரண்டு எழுதிக்கொண்டு போன வீட்டுக்கு பன்னிரண்டுக்கும் சேர்த்து ஒரு சத்து மாத்திரைதான் கிடைத்தது. முதல் நாள் கேட்ட கேள்விக்கான பதிலோடு எது ஒட்டுகிறதோ அதுவே தொல்லை 1.

குறைந்த எண்ணை மேலே எழுதுவதற்குக் காரணம், அதைப் பார்க்காமல் 261-ஐ மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டினால் அடுத்த மாதம் 64 என்பது 48 ஆகலாம்.

10. உள்ளே போனதும்

உட்கார்ந்ததும் பக்கத்தைக் கொடுத்துவிட்டு, முதல் வாக்கியமாகத் தொல்லை 1-ஐச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவரே சொன்னால் நல்லது. கிளம்பும்போது கதவருகே நின்று “அப்புறம் சார், ஒண்ணு...” என்று ஆரம்பிக்கும் விஷயம்தான் பெரும்பாலும் முக்கியமானதாக இருக்கும், அதை முதலில் கொண்டுவந்துவிடுங்கள்.

இலக்கைக் கேளுங்கள். பொதுவாகச் சொல்வது வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குள், மூன்று மாத சர்க்கரை (லேப் சீட்டில் HbA1c என்று இருக்கும்) 7 சதவீதத்துக்குள். தளர்ந்துபோன முதியவருக்கு மூன்று மாத சர்க்கரை 8-க்குள் இருந்தாலே போதும் என்று டாக்டர்கள் தளர்த்துவதுண்டு. அந்த ஒரு பதிலே வீட்டின் பாதிச் சண்டையை நிறுத்திவிடும். மூன்று மாத சர்க்கரை 7 என்றால் சராசரி 154 அளவில் இருக்கும். உங்கள் நோட்டு அதற்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ரத்தசோகை இருந்தால் அந்த எண் தப்பாகக் காட்டும்.

மருந்து மாற்றினால் மூன்று கேள்வி: இது எதற்கு? இதனால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குமா? வாந்தி, காய்ச்சல், சாப்பிட முடியாத நாளில் எதை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது? கடைசிக் கேள்வியை உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும். சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினைத் தானாக முழுக்க நிறுத்திவிடுவது ஆபத்து.

மருந்துச் செலவு தாங்கவில்லை என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வாங்க முடியாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை போடுகிறவர்களை எனக்குத் தெரியும். டாக்டரோ மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னொன்றைச் சேர்ப்பார். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பி.பி. மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

கண், சிறுநீரகத்துக்காக சிறுநீரில் அல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும், பாத உணர்ச்சி: வருடத்துக்கு ஒருமுறை. கடைசியாக எப்போது பார்த்தது என்று பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதி வைத்தால் அவரே கவனித்துச் சொல்லிவிடுவார்.

11. வந்த பிறகு

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மருந்தையும் மாற்றி, சாதத்தையும் பாதியாக்கி, நடையையும் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது. சர்க்கரை சட்டென்று இறங்கவும் கூடும்.

அப்பாவுக்கு டாக்டர் ஒரு மாத்திரையின் நேரத்தை மாற்றி, மதியச் சாதத்தைக் குறைக்கச் சொல்லி, பி12 பரிசோதனை எழுதிக் கொடுத்தார். எந்த மாத்திரை என்று நான் எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டில் அது பொருந்தாது. சாதத்துக்கு மட்டும் இரண்டு வாரம் கேட்டு வாங்கிக்கொண்டோம். சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோருக்கும் என்று மூன்று முறை சாதம் போட்டுச் சாப்பிட்டவர் ஒரே நாளில் மாறமாட்டார். முதல் வாரம் மோருக்குச் சாதத்தை நிறுத்தி மோரை டம்ளரில் கொடுத்தோம். இரண்டாம் வாரம்தான் ரசத்தில் கை வைத்தோம்.

இரண்டாவது சுற்றுக்கு 25 ஸ்ட்ரிப் வேண்டாம். சிக்கல் எந்த வேளையில் என்று தெரிந்துவிட்டதால் அந்த வேளை ஜோடி மட்டும், வாரத்தில் மூன்று நாள். வலது பக்கம் மட்டும் தினமும். டாக்டரிடம் கொடுக்கும் முன் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடைய இரண்டாவது பக்கம் ஒரு மருத்துவமனையின் ஃபைலோடு போனது, திரும்ப வரவில்லை.